முதன்முறையாக அலுவலகப் பொறுப்பு ஏற்கிறவர்களுக்கு: யாரும் ஒதுங்கிப் போகாத ஒரு கிளையை நடத்துவது எப்படி?

2003 ஆம் ஆண்டு மட்டக்களப்பு நகரப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் போய்ச் சேர்ந்தேன். வீடு வாவிக்கு அப்பால், படுவான்கரையில். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. துறைக்கு வந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வருவதற்குள் சில நாள் பத்து நிமிடம் பிந்திவிடும். முதல் நாள் எனக்கு ஒரு மேசையும் கதிரையும் காட்டினார்கள், பதிவேட்டு அறை வாசலோரம். ஐந்து மாதம் அந்த மேசைக்கு ஒரு கோப்புக்கூட வரவில்லை.

யாரும் என்னை ஏசவில்லை. ஊரைச் சொல்லி நையாண்டி பண்ணவும் இல்லை. பத்து மணிக்கு பிளேன்ரீ வரும். தட்டு எனக்கு முன்னால் இருந்த மேசையோடு திரும்பிவிடும். கூட்டம் முடிந்து எல்லோரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியும். முறைப்பாடு எழுதலாம் என்றால் என்னவென்று எழுதுவது? சம்பளம் ஒழுங்காகத்தான் வந்தது.

ஆறாவது மாதம் புதிய நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு மேசையாக நடந்து வந்தவர் என் முன்னால் நின்று, “தங்கச்சி, உங்களுக்கு என்ன சப்ஜெக்ட்?” என்று கேட்டார். “ஒண்டும் இல்ல சேர்” என்றேன். மறுநாள் லீவுக் கோப்புகள் முழுவதும் என் மேசைக்கு வந்தன. இன்று நானும் அதே பதவியில் இருக்கிறேன். பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ வலயக் கல்வி அலுவலகத்திலோ முதன்முறையாக ஒரு கிளையைப் பொறுப்பேற்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

ஒதுக்கப்படுவது சின்ன விடயம் என்று நினைத்துவிடாதீர்கள். கிப்லிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு இருந்தபோது, இரண்டு பேர் எறிந்து விளையாடிய தட்டு அவர் அருகில் வந்து விழுந்ததாம். எடுத்துத் திருப்பி எறிந்தார். அவரையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் விளையாடினார்கள். பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்தான், ஆனாலும் அது தன்னை எவ்வளவு தாக்கியது என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. அதையே பிறகு கணினியில் ஒரு பந்து விளையாட்டாக்கிப் பரிசோதித்தார். சில நிமிடங்கள் பந்து வராமல் இருந்தாலே ஆட்களின் மனம் விழுந்துவிடுகிறது. மற்ற இருவரும் மனிதர்களே அல்ல, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டபோதும் அப்படித்தான் நடந்தது. கணினி பந்து தராததற்கே இப்படி என்றால், தினமும் முகம் பார்க்கிற பன்னிரண்டு பேர் கோப்புத் தராமல் இருந்தால் எப்படி இருக்கும்?

அரச அலுவலகத்தில் இந்தப் பந்து பல வழிகளில் போகிறது. வேலை, தகவல், கூட்டம், தேநீர் எல்லாமே அந்த வழிகள்தாம். பொறுப்பாளர் பார்க்க வேண்டியது, எந்த வழி யாருக்கு அடைபட்டிருக்கிறது என்பதை. ஆட்களின் மனதைத் திருத்துவது பிறகு. வழியைத் திறப்பதற்கு உங்கள் கையெழுத்தே போதும்.

முதல் வாரம்: நடந்து பாருங்கள்

கடமை ஏற்ற அன்றே உங்கள் அறைக்கு ஒருவர் வருவார். தேநீரோடு வருவார், நல்லவராகவும் இருப்பார். “சேர், அந்த ஆளோட கொஞ்சம் கவனம்” என்று தொடங்கி, யார் சோம்பேறி, யார் அரசியல் ஆள், யார் பிரச்சினைக்காரர் என்று அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுவார். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நான் படகில் பிந்தி வந்த கதையும் இப்படித்தான் அந்த அலுவலகத்தில் ‘வேலையில் அக்கறை இல்லாத பிள்ளை’ என்று ஆகியிருந்தது.

அடுத்து, ஆளணிப் பட்டியலை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் அலுவலகத்தின் படத்தைக் கீறுங்கள். யார் எங்கே இருக்கிறார், ஃபேன் எங்கே, கணினி யாரிடம், படிக்கட்டு எங்கே, பெண்களுக்கான மலசலகூடம் எங்கே, சாரதிகளும் அலுவலக உதவியாளர்களும் எந்த இடத்தில் சாப்பிடுகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தும் படத்தில் கதிரை இல்லாத ஆட்கள் இருப்பார்கள். எங்கள் பகுதியில் பெரும்பாலும் அவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். பட்டதாரிகளைக் கூட்டம் கூட்டமாக எடுத்து ஒரே அலுவலகத்துக்கு அனுப்புவார்கள், இடமும் கடமையும் அதற்கேற்ப வராது. இரண்டு பேர் ஒரு மேசையைப் பங்குபோடுகிறார்கள், மூன்றாவது ஆள் வெளிக்களம் என்று கையெழுத்து வைத்துவிட்டு மரத்தடியில் நிற்கிறார். கிளைத் தலைவரால் ஆட்சேர்ப்பை மாற்ற முடியாது. கதிரையைத் தேடிக் கொடுக்க முடியும்.

சில அலுவலகங்களில் கைவிரல் அடையாள இயந்திரம் நாலைந்து படி ஏறிய பிறகுதான் இருக்கும். ஓர் இடத்தில் செயற்கைக் கால் போட்ட ஒரு சகோதரர் ஒவ்வொரு நாள் காலையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறி, விரல் வைத்து, மறுபடி இறங்கிக் கீழே இருந்த தன் மேசைக்குப் போவார். மாலையிலும் அதே கதை. இரண்டு வருடமாக அவர் ஒருநாளும் முறையிடவில்லை. மின்சார வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு அதைக் கீழே மாற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. போர் நடந்த மாவட்டத்தில் இப்படி ஒருவராவது ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற சுற்றறிக்கை 1988 இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஆளை எடுத்துவிட்டுப் படியை அப்படியே விட்டால் அந்த 3 வீதத்தால் என்ன பயன்?

ஒவ்வொருவரோடும் கால் மணி நேரம்

முதல் மாதத்துக்குள் எல்லோரோடும் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லோரும் என்றால் சாரதி, காவலாளி, துப்புரவு செய்கிற அக்கா, அமைய ஊழியர் அனைவரும். உங்கள் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு கூப்பிட்டால் அவர்கள் விசாரணைக்கு வந்தது போலத்தான் நிற்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். மூன்று கேள்வி போதும்: இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், என்ன வேலை தெரிந்திருந்தும் தரப்படவில்லை, வீட்டுக்கு எப்படிப் போய் வருகிறீர்கள்.

மூன்றாவது கேள்வியைச் சிலர் தேவையில்லை என்பார்கள். அதிலிருந்துதான் அதிகம் தெரியவரும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, யானை இறங்குகிற றோட்டா, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறார், நோயாளியான தாய் இருக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரைப் பயணம் பெரிதும் இலகுவாகிவிட்டது. ஆனால் உள்ளூர்களுக்குப் போகிற பஸ் இன்னும் குறைவு.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. நம் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்தால் “எந்த ஊர்?” என்பார்கள், அடுத்தது “எந்தக் கோயிலடி?”, அதற்கடுத்தது குடி. தாய்வழியாக வருகிற குடி கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த உரிமை என்று சொல்லும், அது அங்கே இருக்கட்டும். அலுவலகத்தில் அந்தக் கேள்வி சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பதாகவே விழும். உங்கள் முன்னால் யாராவது கேட்டால் பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு தரம் திருப்பினால் விளங்கிக்கொள்வார்கள்.

கூப்பிடுகிற விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயது அலுவலக உதவியாளரை இருபத்தாறு வயது உத்தியோகத்தர் பெயரைச் சொல்லி “இங்க வா” என்று கூப்பிடுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். நீங்கள் ‘அண்ணன்’ என்றால், முஸ்லிம் சகோதரராக இருந்தால் ‘நானா’ என்றால், ஒரே வாரத்தில் கிளை முழுக்க அப்படியே கூப்பிடும். உத்தரவு எதுவும் போட வேண்டியதில்லை.

கடமைப் பட்டியல்தான் நெஞ்சுப் பகுதி

நேரமே இல்லை, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கிளையில் உள்ள விடயங்கள், அதாவது ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கிற வேலைகள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் பொறுப்பானவர், அவர் லீவென்றால் பார்க்கிறவர், மாதத்தில் ஏறக்குறைய எத்தனை கோப்பு. எழுதி முடித்ததும் படம் தானாகத் தெரியும். மூன்று பேரின் தலையில் பதினெட்டு விடயம், நான்கு பேருக்கு ஒன்றுகூட இல்லை. அந்த மூவரும் களைத்துப்போய்க் கோபத்தில் இருப்பார்கள், நால்வரும் வெட்கத்தில் இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள்.

பிரிக்கும்போது, வேலை இல்லாதவருக்கு போட்டோக் கொப்பி எடுக்கிற வேலையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள். தொடக்கம் முதல் முடிவு வரை அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரு விடயத்தைக் கொடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய பொறுப்பாளர் “அவவுக்கு ஏலாது சேர், நானே செய்யிறன்” என்பார். சரி, ஒரு மாதம் இருவரும் சேர்ந்து செய்யட்டும், பிறகு கையெழுத்து புதியவருடையதாக இருக்கட்டும் என்று திகதி போட்டு எழுதுங்கள். திகதி இல்லாமல் விட்டால் பழையவர் கோப்பை விடமாட்டார்.

பட்டியலில் வராத வேலைகளையும் தேடுங்கள். மேலதிக நேரம் யாருக்கு, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கிற கூட்டத்துக்கு எப்போதும் போகிறவர் யார், பயிற்சிக்குப் பெயர் கேட்டால் யாருடைய பெயர் போகிறது. இவை பதவி உயர்வு நேரத்தில் கணக்கில் வரும். அதுபோலவே, விழா என்றால் பன்னீர்ச் செம்பும் மாலைத் தட்டும் ஏந்தி வாசலில் நிற்பவர்கள் எப்போதும் பெண் உத்தியோகத்தர்களாகவே இருக்கிறார்கள். நாள் முழுக்க அங்கே நின்றவருடைய கோப்பு வேலை மறுநாள் இரட்டிப்பாகிறது. ஆண்களும் தட்டு ஏந்தட்டும், கை ஒன்றும் தேய்ந்துபோகாது.

பிரசவ லீவு முடிந்து வருகிறவருடைய மேசையைத் தனியாகக் கவனியுங்கள். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு அவருடைய உரிமை. ஆனால் திரும்பி வரும்போது விடயம் வேறொருவரிடம் போயிருக்கும், கணினியின் கடவுச்சொல் மாறியிருக்கும். லீவில் போகும் அன்றே ‘பதில் கடமை, இந்தத் திகதி வரை’ என்று எழுத்தில் போட்டால் இந்தச் சிக்கல் வராது.

தகவலும் மொழியும்

பெரும்பாலான அலுவலகங்களில் இரண்டு வட்ஸ்அப் குழு இருக்கும். ஒன்று எல்லோருக்கும், அதில் பிறந்தநாள் வாழ்த்துப் போகும். மற்றது நாலைந்து பேருக்கு, அதில் உண்மையான செய்தி போகும். இரண்டாவதை மூடச் சொல்லி உத்தரவு போட்டாலும் வேறு பெயரில் திறப்பார்கள். அதற்குப் பதிலாக, கடமையோடு தொடர்புடைய எந்த அறிவித்தலையும் முதலில் பொதுக் குழுவிலும் அறிவித்தல் பலகையிலும் நீங்களே போடுங்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்காகவாவது பலகை வேண்டும்.

அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ். அரசகரும மொழிகள் சிங்களமும் தமிழும். ஆனால் சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்து மேசையில் விழுகிற நாள் இருக்கத்தான் செய்கிறது. அப்போது எல்லோரும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் ஓடுவார்கள். அந்த ஒருவர் தன் வேலையையும் பார்த்து எல்லோருக்கும் மொழிபெயர்த்துக் களைத்துப்போவார், இல்லாவிட்டால் எதை யாருக்குச் சொல்வது என்று தீர்மானிக்கிற ஆளாகிவிடுவார். இரண்டுமே நல்லதல்ல. வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் வைத்து, வந்த கடிதங்களின் சாரத்தை எல்லோருக்கும் வாசிக்கச் செய்யுங்கள். மொழிபெயர்ப்பை அவருடைய கடமைப் பட்டியலில் வேலையாகவே எழுதுங்கள். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த உத்தியோகத்தர்கள் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்த வகுப்புக்குப் போக விடுங்கள்.

அம்பாறைப் பக்கம் பொறுப்பேற்கிறவர்கள் மறுபக்கத்தையும் பாருங்கள். பதினான்கு பேர் தமிழில் சிரித்துப் பேசுகிற அறையில் தனியாக இருக்கிற சிங்களச் சாரதிக்கும் அதே பிளேன்ரீத் தட்டுத்தான் திரும்பிப் போகிறது. கூட்டத்தில் முடிவானதை இரண்டு வரியில் அவருடைய மொழியில் சொல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

கூட்டமும் சாப்பாடும்

கூட்டத்தை மாலை மூன்றரைக்கு வைக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கதிரையின் நுனியில் இருப்பார், பேசமாட்டார். வெள்ளி நண்பகலும் வேண்டாம். ஜும்ஆத் தொழுகைக்கு இரண்டு மணி நேர விடுப்பு அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையிலேயே உண்டு, யாரும் உங்களிடம் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் காலையில் வையுங்கள்.

இளையவரை, அல்லது பதவியில் கீழே இருப்பவரை முதலில் பேச விடுங்கள். பெரியவர் பேசிய பிறகு யாரும் மாற்றுக் கருத்துச் சொல்லமாட்டார்கள், இது நம் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். சொன்ன யோசனையைச் சொன்னவர் பெயரோடு கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். ஒரு சாரதி சொன்ன யோசனையை அடுத்த கூட்டத்தில் ஒரு பதவிநிலை உத்தியோகத்தர் தன்னுடையதாகச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். சாரதி அதன் பிறகு வாய் திறக்கவே இல்லை.

நலன்புரிச் சங்க விருந்தென்றால் ஹலால் சாப்பாடும் சைவச் சாப்பாடும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இருக்கட்டும். “உங்களுக்கு வேற எடுப்பம்” என்று கடைசி நேரத்தில் சொன்னால், அவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். சரஸ்வதி பூசையும் மீலாதும் ஒளிவிழாவும் நடக்கட்டும். காசு சேர்க்கிற பட்டியலை மட்டும் மேசைக்கு மேசை கொண்டுபோகாதீர்கள். உண்டியல் ஒன்று வைத்தால் போதும்.

நாட்டில் ஏதாவது நடந்த மறுநாள்தான் பொறுப்பாளருக்குக் கடினமான நாள். 2019 ஏப்ரல் 21 ஐ மட்டக்களப்பில் யாரும் மறக்கமாட்டோம், ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்தோம். அதன் பிறகு பல அலுவலகங்களில் முஸ்லிம் சகோதரிகள் வாசலிலேயே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். மே மாதக் கடைசியில் அரச பெண் ஊழியர்கள் சேலையோ ஒசரி என்ற கண்டியச் சேலையோதான் அணிய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்து, எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டது. அப்படியான நாளில் உங்கள் அறையில் இருக்காதீர்கள். காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போங்கள். எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். துக்கத்தில் இருப்பவரையும் பயத்தில் இருப்பவரையும் ஒரே காலையில் விசாரிக்க முடியும்.

ஒருவர் வந்து சொன்னால்

“என்னை ஒதுக்கிறாங்க” என்று ஒருவர் வந்து சொன்னால், உடனே எல்லோரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேச வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அவர் இரண்டாம் தரம் ஒதுக்கப்படுவார், இம்முறை ‘கோள் சொன்னவர்’ என்ற பெயரோடு. கேளுங்கள், திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள், கடமைப் பட்டியலையும் கூட்ட அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். அடைபட்ட வழி எதுவென்று தெரிந்தால் அதைத் திறந்துவிட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு அவரிடமே மறுபடி கேளுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் சமாதானப் பேச்சே கிடையாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ், 1995 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் அது. முறைப்பாட்டை எழுத்தில் எடுத்து மேலே அனுப்புங்கள். முறையிட்டவரை ‘பாதுகாப்புக்காக’ வேறு கிளைக்கு மாற்றாதீர்கள். மாற வேண்டியவர் அவரல்ல.

இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் இவற்றால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சொல்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு ஒரு மாத காலந்தான் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. இதை ஊழியருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் உங்கள் மேல் வழக்கு வரும் என்று பயப்படுகிற பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில், இதைத் திறந்து சொன்னவரை நம்பித்தான் ஆட்கள் முதலில் அவரிடமே வந்தார்கள்.

மூன்று மாதம் போன பிறகு

முதல் வாரம் கீறிய படத்தை எடுங்கள். இந்த மாதம் நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாத ஆட்களின் பெயருக்கு வட்டம் போடுங்கள். கடைசி மூன்று கூட்ட அறிக்கையிலும் பெயரே வராதவர்களுக்கு இன்னொரு வட்டம். பயிற்சிக்கு ஒருதரமும் போகாதவர்களுக்கு இன்னொன்று. மூன்று வட்டமும் ஒரே பெயரில் விழுந்தால் நாளைக் காலை அந்த மேசைக்குப் போங்கள்.

உங்களுக்கும் ஒருநாள் இடமாற்றக் கடிதம் வரும். ஒப்படைக்கிற கோப்பில் திறப்புகளோடும் இருப்புப் பட்டியலோடும் சேர்த்து, திருத்திய கடமைப் பட்டியலையும் இருக்கைப் படத்தையும் வையுங்கள். ஆட்களைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்தை அதில் எழுத வேண்டாம். வருகிறவர் மேசை மேசையாகத் தானே நடந்து கேட்கட்டும்.